சொன்னால் பாட்டாக்கிவிடுவாள்

அவளிடம் எதையும் சொல்லக் கூடாது. சொன்னால் பாட்டாக்கிவிடுவாள். இது எனக்குப் புரிவதற்குள் நான் மூன்று விஷயங்களைச் சொல்லிவிட்டிருந்தேன்.

பெயரை எழுதவில்லை. இப்போது எங்கே இருக்கிறாளோ தெரியாது. யாராவது இதைப் படித்துக் காட்டினால் இதற்கும் ஒரு பாட்டுக் கட்டி ஊரெல்லாம் பாடுவாள். வேனில் எல்லோரும் அவளைப் பாட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவோம்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்தேன். கூட்டுவது, துடைப்பது, பாத்ரூம் கழுவுவது. அப்போது எனக்கு ஐம்பத்தைந்து வயது. அதற்கு முன்னால் வேலை என்று எங்கேயும் போனதில்லை. காலை ஐந்தரை மணிக்குத் தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிழக்குப் பக்கம் கம்பெனி வேன் நிற்கும். கேம்ப் ரோடு, மேடவாக்கம், சோழிங்கநல்லூர் என்று வழியெல்லாம் ஆள் ஏற்றிக்கொண்டு போகும். மொத்தம் பதினாலு பெண்கள். வேனில் டேப் வேலை செய்யாது. டிரைவர் அண்ணன் அதைச் சரி பண்ணுகிறேன் சரி பண்ணுகிறேன் என்று சொல்லியே காலத்தை ஓட்டினார். அந்த இடத்தை அவள் பிடித்துக்கொண்டாள்.

குரல் இனிமை என்றெல்லாம் சொல்ல முடியாது. பித்தளைத் தவலையைச் சிமெண்டுத் தரையில் இழுத்த மாதிரி இருக்கும். ஆனால் தாளம் தப்பாது. மடியில் சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டு மூடியில் இரண்டு தட்டு தட்டுவாள். அந்தச் சத்தம் கேட்டால் மற்றவர்கள் எல்லாம் நிமிர்ந்து உட்காருவார்கள். நான் மட்டும் தலையைக் குனிந்துகொள்வேன். இன்றைக்கு யார் தலை உருளப் போகிறதோ என்று.

மெட்டு அவளுக்கு எங்கிருந்தும் வரும். குப்பை வண்டியில் போடுகிற பாட்டு, ஐஸ் வண்டி மணி, கோயில் ஸ்பீக்கர், சர்ச் மணி. ஒரு தடவை ஸ்டேஷனில் ரயில் வருவதை அறிவிக்கிற அம்மாவின் குரலிலேயே பாடினாள். எங்கள் வேனில் சேலையூரிலிருந்து ஒரு சின்னப் பெண் வருவாள், அப்போதுதான் கல்யாணம் ஆனவள். அவள் மாமியார் ஊரிலிருந்து வந்து தங்கப் போகிறாள் என்று யாரோ சொன்னார்கள். உடனே இவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "சேலையூர்ப் பெண்ணின் கனிவான கவனத்திற்கு. மாமியார் இன்னும் சற்று நேரத்தில் மூணாவது ரூமுக்கு வந்து சேருவார்" என்று ஆரம்பித்தாள். டிரைவர் அண்ணன் சிரித்துச் சிரித்து மேடவாக்கம் சிக்னலில் வண்டியை ஆஃப் செய்துவிட்டார்.

வேனில் ஒரு பழக்கம் உண்டு. யாருக்காவது வாழ்க்கையில் புதிதாக ஒன்று நடந்தால் அவர்கள் எல்லோருக்கும் மிக்சர் வாங்கி வர வேண்டும். புது வீடு, புதுக் குழந்தை, புது மருமகள், பல் கட்டியது கூட. மிக்சர் கை மாறி வருவதற்குள் அவள் பாட்டுக் கட்டி முடித்திருப்பாள். மிக்சர் வாங்காமல் மறைத்தவர்களுக்கும் பாட்டு உண்டு. அது கொஞ்சம் காரமாக இருக்கும். டிசம்பர் மாதம் கடைசி வேலை நாளில் அந்த வருஷத்துப் பாட்டையெல்லாம் ஒன்றாகக் கோத்துப் பாடுவாள். ஆளுக்கு நாலு வரி. வருஷப் பாட்டு என்று அதற்குப் பெயர். அதில் வராவிட்டால் அந்த வருஷம் நமக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று அர்த்தமாம். சேலையூர்ப் பெண் சொன்னாள்.

எனக்கு அந்த வருஷம் எல்லாமே நடந்திருந்தது. ஒன்றுகூட யாருக்கும் தெரியக் கூடாது என்று இருந்தேன்.

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். கம்பெனி வாசலில் கண்ணாடிக் கதவு. நான் கிட்டே போனதும் தானாகத் திறந்தது. உள்ளேயிருந்து யாரோ பெரியவர்கள் வருகிறார்கள் போல என்று நான் ஒதுங்கி நின்றேன். கதவு மூடிக்கொண்டது. மறுபடி போனேன், மறுபடி திறந்தது, மறுபடி ஒதுங்கினேன். மூன்று தடவை இப்படி. செக்யூரிட்டி பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் திரும்பும்போது பக்கத்தில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள், அவளிடம் இதை நானாகத்தான் சொன்னேன். புது இடம், பேச்சுக்கு ஒரு விஷயம் என்று. டப்பா மூடியில் இரண்டு தட்டு விழுந்தது.

கழுத்துல அட்டை மாட்டிக்கினு
காலையில வந்தாளாம்
கதவு தானா தொறந்துச்சுன்னா
யாரு சாமின்னு நின்னாளாம்

வேன் மொத்தமும் கை தட்டியது. எனக்குக் காதெல்லாம் சுட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இன்னா யக்கா, கோவமா?" என்றாள்.

"இல்ல."

"கோவம்னா சொல்லு. அதையும் சேர்த்துக்கறேன்."

இதுதான் அவள். கோபப்பட்டால் அது இரண்டாவது அடி. அழுதால் மூன்றாவது அடி. அவளிடமிருந்து தப்பிக்க ஒரே வழி வாயை மூடிக்கொண்டு இருப்பது. வாயை மூடிக்கொண்டு இருப்பதை விட்டுவிட வேண்டும் என்றுதான் நான் வீட்டை விட்டே வந்திருந்தேன். அதுதான் எரிச்சல்.

அதைச் சொல்லிவிடுகிறேன். முடிச்சூரில் எங்களுக்குச் சொந்த வீடு. ஒரே பெண், கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஆனால் முப்பது வருஷமாக எனக்குப் பதிலாக அவர்தான் பேசுவார். பக்கத்து வீட்டு அம்மா திருவண்ணாமலைக்கு வருகிறாயா என்று என்னைக் கேட்டால், "அவளுக்குக் கூட்டம்னா ஆகாது" என்று அவர் சொல்வார். எனக்குக் கூட்டம் பிடிக்கும். புடவைக் கடையில் எனக்கு எந்தக் கலர் பிடிக்கும் என்று அவர் சொல்வார். நானும் சிரித்துக்கொண்டு நிற்பேன். கடைசியில் ஒரு தடவை இடுப்பில் வலி வந்தது. டாக்டர் எங்கே வலிக்கிறது என்று என்னைக் கேட்டார். "கேஸ்தான் டாக்டர், கண்டதையும் சாப்பிடுவா" என்றார் இவர். கேஸுக்கு மாத்திரை கொடுத்தார்கள். நாலு மாதம் அதைச் சாப்பிட்டேன். பொறுக்க முடியாமல் ஒரு நாள் தனியாக பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு சின்ன டாக்டர் பெண், "நீங்களே சொல்லுங்கம்மா" என்றாள். சொன்னேன். சிறுநீரகத்தில் கல். வலி என்னுடையது என்பது அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. உடம்பு சரியாகி ஒரு மாதம் கழித்து, அவர் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம் இரண்டு பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்தேன். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ரூம் பிடித்தேன்.

சொல்லாமல் வந்துவிட்டதுதான் உறுத்தியது. ஏன் வந்தேன் என்று அவர் முகத்தைப் பார்த்து ஒரு தடவையாவது சொல்ல வேண்டும். என் வாயால். அதற்காக ஒரு வாக்கியம் தயார் பண்ணினேன். மூன்றாவது மாடியில் காலை ஏழு மணிக்கு யாரும் வர மாட்டார்கள். நீளமான நடை. மாப்பு போட்டுக்கொண்டே அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்ப்பேன். "எனக்கு வலிச்சா நான் சொல்லிக்கிறேன். முப்பது வருஷம் நீங்க சொன்னது போதும். நான் வர மாட்டேன்." இவ்வளவுதான். இதைத் திக்காமல் சொல்ல எனக்கு எட்டு மாதம் பிடித்தது.

வேனில் நான் சொன்ன கதை வேறு. வீட்டுக்காரர் வெளியூரில் வேலை பார்க்கிறார் என்று. அவள் நம்பவில்லை. சோறு காட்டிக்கொடுத்துவிட்டது. முதல் சில வாரம் பழக்க தோஷத்தில் இரண்டு பேருக்கு வடித்துவிடுவேன். மீதியைப் புளி சேர்த்துக் கிளறி வேனுக்குக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுப்பேன். ஒரு நாள் அதை வாயில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"யக்கா, தெனம் புளிசோறு மீறுதே. வூட்ல சாப்பிட ஆள் இல்லியா?"

"நான் ஒருத்திதான். ரூம்ல இருக்கேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். டப்பா மூடி.

பத்துக்குப் பத்து ரூமாச்சு
பைப்பு தெருவு ஓரமாச்சு
ஒத்த டம்ளர் அரிசி போடு
ஊருக்கெல்லாம் ஏன் சோறு

யாரும் தப்பாக எதுவும் கேட்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த நாள் சேலையூர்ப் பெண் எனக்கு என்று ஒரு சின்னப் பாத்திரம் கொண்டுவந்து கொடுத்தாள். ஒருவருக்கு வடிக்கிற அளவு. அந்தப் பாத்திரத்தை வாங்கும்போது எனக்குச் சந்தோஷமா அவமானமா என்று தெரியவில்லை. அவமானம்தான் கொஞ்சம் அதிகம்.

ஒரு நாள் நானும் அவளைக் கேட்டேன். "எல்லாருக்கும் பாட்டுப் போடறியே. உனக்கு ஒண்ணு போடேன்."

"எனக்கு இன்னா கீது? அதே வூடு, அதே புருஷன், அதே துடப்பம். புதுசா எதுனா நடந்தாதானே பாடறதுக்கு."

"எதுவுமே நடக்கலியா?"

"நீங்கள்லாம் நடத்திக்கினு கீறீங்களே, அது போதும்" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தாள். வண்டி பெரும்பாக்கம் தாண்டும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நேரம் அவள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தில்தான் நான் மூன்றாவது தப்பைச் செய்தேன். வீட்டுக்காரர் விஷயம், டாக்டர் விஷயம் எல்லாம் சொன்னேன். தயார் பண்ணி வைத்திருந்த வாக்கியத்தையும் சொல்லிக் காட்டினேன்.

"இத மட்டும் பாடக் கூடாது" என்றேன்.

"சத்தியமா பாட மாட்டேன் யக்கா" என்று என் கையில் அடித்தாள்.

நவம்பர் மாதம். மழை விட்டிருந்தது. வேன் கேம்ப் ரோட்டில் ஆள் ஏற்ற நின்றது. ஜன்னல் பக்கத்தில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். யாரோ சொல்லி விசாரித்து வந்திருக்கிறார். குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் வந்தார். எனக்குத் தைரியமாகத்தான் இருந்தது. எட்டு மாதம் சொல்லிப் பார்த்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. எழுந்து படிக்கட்டுக்கு வந்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. வேனில் இருந்தவர்களைப் பார்த்துப் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. ஏதோ கோவத்துல வந்துட்டா. வீட்டுக்கு வரணும்னுதான் அவளுக்கும் இருக்கு. கூச்சத்துல சொல்ல மாட்டேங்கிறா."

நான் வாயைத் திறந்தேன். "எனக்கு" என்று ஆரம்பித்தேன். முதல் வார்த்தை வெளியே வந்துவிட்டது, சத்தியமாக வந்துவிட்டது. அதற்குள் எனக்குப் பின்னாலிருந்து டப்பா மூடியில் இரண்டு தட்டு.

வலிக்கிறது அவளுக்கு சாமி
வாய் மட்டும் உனக்கா சாமி
முப்பது வருசம் பேசிட்ட சாமி
வர மாட்டாளாம், போ சாமி

பின்னாலிருந்து எல்லோரும் "போ சாமி, போ சாமி" என்று சேர்ந்துகொண்டார்கள். டிரைவர் அண்ணன் வேறு தாளத்துக்கு ஹாரன் அடித்தார். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் முகம் சுருங்கிப் போயிற்று. அவரை யாரும் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. குடையை விரித்துக்கொண்டு போனார். மழையே இல்லை.

வேனில் என்னைக் கொண்டாடினார்கள். ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். "விட்டது சனி" என்றாள் ஒருத்தி. மிக்சர் எங்கே என்றாள் இன்னொருத்தி. எனக்குத் தொண்டையில் அந்த வாக்கியம் அப்படியே நின்றது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

மேடவாக்கம் தாண்டியதும் அவளிடம் கேட்டேன். "ஏன் பாடுன? சத்தியம் பண்ணியே."

"நீ பேச மாட்டேன்னு பாடுனேன்."

"நான் பேசத்தான் எழுந்தேன்."

"எப்போ பேசுவ? அவரு முடிச்சூர் போய்ச் சேந்த அப்பாலயா? எனக்கு எனக்குன்னு நின்னுகினு இருந்த. பாக்கவே பேஜாரா இருந்திச்சு."

"நின்னா உனக்கென்ன? என் வார்த்தை அது. எட்டு மாசமா வச்சிருந்தேன். நீ புடுங்கிக்கிட்ட."

"யக்கா, நல்லதுக்குத்தானே பண்ணேன்."

"அவரும் முப்பது வருஷமா அப்படித்தான் சொல்றாரு. நல்லதுக்குத்தான்னு."

என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல. முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். டப்பாவைப் பையில் போட்டாள். அன்றைக்குச் சிறுசேரி வரை பாட்டு இல்லை. திரும்பும்போதும் இல்லை. மூன்று நாள் இல்லை. "நல்லது பண்ணவள இப்டியா பேசுவாங்க. வேன் எழவு வீடு மாதிரி ஆயிடுச்சு" என்று முன் சீட்டில் என் காதில் விழும்படியே சொன்னார்கள். பாடினாலும் நான்தான் அகப்படுகிறேன், பாடாவிட்டாலும் நான்தான். இது என்ன நியாயம் என்று எனக்கு அழுகையாக வந்தது.

நாலாவது நாள் டிரைவர் அண்ணன் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். அவளால் எவ்வளவுதான் தாங்க முடியும். பாடிவிட்டாள். வேன் பழையபடி ஆயிற்று. என்னை மட்டும் தொடவில்லை. டிசம்பர் பாதியில், பாத்ரூம் வாசலில் பினாயில் கலக்கும்போது கேட்டாள்.

"வருஷப் பாட்டு வருது. உன்ன இன்னான்னு போடட்டும்?"

அவள் ஒருவரிடம் கேட்டுப் பாடுவது அதுதான் முதல் தடவை. கேட்டதே பெரிது என்று இருந்தது. "சொல்றேன்" என்றேன். சொல்வதற்கு ஒன்று வேண்டுமே. நான் சொன்னதாக இதுவரை ஒன்றும் இல்லை. எல்லாம் அவள் பாடியதாகத்தான் இருந்தது.

அந்த மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை முடிச்சூருக்குப் போனேன். கேட் திறந்திருந்தது. அவர் சமையல் கட்டில் ஏதோ தாளித்துக்கொண்டிருந்தார். அவர் சமைத்து நான் பார்த்ததில்லை. கடுகு வாசனையும் தீய்ந்த வாசனையும் சேர்ந்து வந்தது. என்னைப் பார்த்ததும் கரண்டியோடு வெளியே வந்தார்.

"வந்துட்டியா. எனக்குத் தெரியும் நீ வருவேன்னு. பை எங்கே?"

நான் வாசல் படியிலேயே நின்று சொன்னேன். சத்தம் பெரிதாக வரவில்லை. ஆனால் முழுதும் வந்தது. எனக்கு வலித்தால் நான் சொல்லிக்கொள்கிறேன், முப்பது வருஷம் நீங்கள் சொன்னது போதும், நான் வர மாட்டேன்.

அவர் சிரித்தார். "அதான் அந்தப் பாட்டுக்காரி ரோட்லயே பாடிட்டாளே. அவ சொல்லிக் குடுத்ததைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தியா?"

எனக்கு அப்போது அவர் மேல் வந்த கோபத்தைவிட அவள் மேல் வந்த கோபம் பெரிது. இவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னேன். அதுவும் அவள் கணக்கில் போய்விட்டது. திரும்பிவிடலாம் என்று ஒரு அடி வைத்தேன். பிறகு வைத்த அடியை எடுத்துக்கொண்டேன்.

"இல்ல. என்கிட்ட இருந்துதான் அவ எடுத்தா. இது நான் சொல்றது. உங்களுக்குக் கேக்கலன்னா இன்னொரு வாட்டி சொல்றேன்" என்றேன். சொன்னேன். இரண்டாவது தடவை அவர் குறுக்கே பேசவில்லை. முடிகிற வரைக்கும் நின்று கேட்டார். முப்பது வருஷத்தில் நான் பேசி முடித்து அவர் கேட்டது அது ஒன்றுதான். உள்ளே அடுப்பில் ஏதோ கருகியது. அவர் அதைப் பார்க்கப் போனார். நான் தெருவுக்கு வந்துவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, வந்த இரண்டு பஸ்ஸையும் ஏறாமல் விட்டுவிட்டேன். பக்கத்தில் ஒரு அம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். "நல்லாத்தான் இருக்கேன்" என்று நானே சொன்னேன்.

டிசம்பர் கடைசி வேலை நாள். காலையில் பனி. வேனில் எல்லோரும் வந்தாகிவிட்டது. டப்பா மூடி தட்டியாகிவிட்டது. மாமியார் வந்தது, டிரைவர் அண்ணன் கண்ணாடி, ஒருத்தியின் பேரன், ஒருத்தி கட்டிய பல் விழுந்தது என்று வரிசையாகப் பாடிக்கொண்டே வந்தாள். என் முறை வந்ததும் நிறுத்தினாள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"யக்கா, சொல்றேன்னியே. ஞாயித்துக்கெழம எங்கியோ போனியாமே. ரூம் பக்கம் வந்தேன், பூட்டிகினு இருந்திச்சு."

அவள் அவ்வளவு தூரம் என்னைத் தேடி வந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. எதற்கு வந்தாள் என்று இன்று வரை நான் கேட்கவில்லை. அந்த நிமிஷம் சொல்லிவிடலாமா என்று ஆசை வந்தது. சொன்னால் வேனே ஆடும். வருஷத்திலேயே பெரிய பாட்டு அதுவாகத்தான் இருக்கும். அவளும் எவ்வளவு சந்தோஷப்படுவாள். ஆனால் அடுத்த நாளிலிருந்து அது அவளுடையது.

"எங்கயும் போகல. தெருக் குழாய்ல துணி துவைச்சிட்டிருந்தேன்" என்றேன்.

"நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. பிறகு மூடியில் இரண்டு தட்டு தட்டினாள்.

ஞாயித்துக்கெழம வந்திச்சாம்
நல்ல வெயில் அடிச்சிச்சாம்
நாலு பொடவ தொவைச்சாளாம்
நடு ரோட்ல காயப்போட்டாளாம்

நாலு பெண்கள் "தொவைச்சாளாம், தொவைச்சாளாம்" என்று திருப்பிப் பாடினார்கள். பிறகு வேன் மொத்தமும் பாடியது. சோழிங்கநல்லூரிலிருந்து சிறுசேரி வரைக்கும் பதிமூன்று பேர் சேர்ந்து, நான் துவைக்காத துணியைத் துவைத்தார்கள். நானும் கை தட்டினேன்.